நமுத்த கேப்பு

ஜூன் 2, செவ்வாய்

இன்னிக்குத் தபால் பையில எனக்கே ஒரு பதிவுத் தபால். குடுக்கறவளும் நானே, வாங்கறவளும் நானே. கிளை போஸ்ட்மாஸ்டர்ங்கற எடத்துலயும் பெற்றுக்கொண்டவர்ங்கற எடத்துலயும் கையெழுத்துப் போட்டுட்டுப் பிரிச்சேன். துப்பாக்கி லைசென்ஸ். எங்கூட்டுக்காரரு, இவிய பேர்ல இருந்தது இப்ப என் பேருக்கு வந்திருக்கு. பாவாத்தாள், கணவர் பெயர் சென்னியப்பன், அடைப்புக்குள்ள லேட். லேட்டுனு போட்டதப் பாத்ததும் மனசு சித்த நேரம் சும்மா கெடந்துச்சு. அப்பறம் கூட்டம் வந்துருச்சு.

கூடவே ஒரு நிபந்தனை. ஜூன் 26ஆம் தேதி ஈரோட்டுல ஆயுதப்படை மைதானத்துக்குத் துப்பாக்கியக் கொண்டாந்து, வேலை செய்யற நெலமையில காட்டணும். இல்லைன்னா லைசென்ஸ் ரத்து.

ரத்தானா என் பாடு திண்டாட்டந்தான். மலையடிவாரத்துல மக்காச்சோளம் போட்டுட்டு வேட்டுச் சத்தமில்லாம இருந்தா, அறுக்கறது காட்டுப்பன்னிதான். "துப்பாக்கி கெடைக்கலைன்னா காட்டக் குத்தகைக்கு உட்டுட்டு ஓசூருக்கு வந்துரும்மா"ன்னு மகன் பூபதி போன்ல சொல்லிட்டே இருக்கறான். அவன் வீட்டு எட்டாவது மாடியில நான் போயி என்னத்தப் பண்றது?

ஜூன் 4, வியாழன்

இவிய போனப்பறம் போலீஸ் ஸ்டேஷன்ல ஒப்படைச்சிருந்த துப்பாக்கிய வாங்கிட்டு வந்தாச்சு. எட்டு மாசம் மூலையில சாக்குச் சுத்திக் கெடந்திருக்கு. குழல் பூரா துரு. கூட ஒரு மஞ்சப்பை. அதுல கேப்பு டப்பாவும் மருந்துக் குடுவையும்.

இது தோட்டாப் போடற துப்பாக்கி இல்ல. வாய் வழியா மருந்தக் கொட்டி, தேங்கா நார வெச்சு, கம்பியில கெட்டிக்கோணும். அடிப்பக்கம் நிப்பிள்னு ஒரு சின்ன மூக்கு, அதுல ஊசி போற அளவு ஓட்டை. மூக்குமேல கேப்ப மாட்டோணும். குதிரை வந்து கேப்ப அடிச்சா நெருப்பு அந்த ஓட்டை வழியா உள்ள போயி மருந்தப் புடிக்கும். இவிய குண்டு போட மாட்டாங்க. வெறும் மருந்து, வெறும் சத்தம்.

போன அக்டோபர்ல, ஆயுத பூஜை முடிஞ்ச நாலாம் நாள் விடியக்காலம், அது வெடிக்கல. பன்னிக் கூட்டம் வாய்க்கால் பக்கம் எறங்குதுன்னு இவிய பரணை விட்டு எறங்கிப் போயி அடிச்சிருக்காங்க. வெடிக்கல. ஒரு பன்னி திரும்பி வந்து தொடையக் கிழிச்சிருச்சு. வண்டியில போறப்ப என் மடியிலதான் தலை. "வெடிக்கல பாவா, வெடிக்கல"ன்னு மட்டும் சொன்னாங்க. அந்தியூர் ஆஸ்பத்திரி வாசல்ல வண்டி நிக்கறதுக்குள்ள போயிட்டாங்க.

கேப்பு வாங்கியாந்தது என் கொழுந்தன் அர்த்தநாரி. மழையில நனைஞ்சுட்டு வந்து டப்பாவக் குடுத்தத என் கண்ணால பாத்தேன். எழவு வீட்டுலயே, அத்தனை சனம் நிக்கறப்ப, "நீ வாங்கியாந்த நமுத்த கேப்புதான்டா உங்கண்ணனக் கொன்னுச்சு"ன்னு கேட்டுப்புட்டேன். தலையத் தொங்கப் போட்டுட்டு நின்னான், ஒரு வார்த்தை பேசல. அன்னியிலிருந்து எனக்கும் அவனுக்கும் பேச்சில்ல. ரெண்டு காட்டுக்கும் நடுவால ஒரு வரப்புதான். அவன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

ஜூன் 6, சனி

லீவு போட்டுட்டு ஈரோடு போனேன். துப்பாக்கியச் சாக்குல சுத்தி, பஸ்ஸுல காலுக்கு நடுவால நிக்க வெச்சுக்கிட்டேன். பக்கத்து சீட்டு அம்மா "கடப்பாரைங்களா?"ன்னு கேட்டாங்க. ஆமான்னேன்.

துப்பாக்கி ரிப்பேர் கடை வெச்சிருக்கற ஜபருல்லா பாய் லைசென்ஸப் பாத்தாரு, என்னப் பாத்தாரு, மறுபடி லைசென்ஸப் பாத்தாரு. "பொம்பளைங்க பேர்ல இந்தக் கடைக்கு வர்ற மொதத் துப்பாக்கி இதுதாங்கக்கா"ன்னாரு. அப்பறம் கம்பிய எடுத்துக் குழலுக்குள்ள உட்டு, வாய்கிட்டக் கட்டை வெரல வெச்சுப் புடிச்சு, வெளிய எடுத்துக் குழலோட சேத்து வெச்சுப் பாத்தாரு. கம்பி நாலு வெரக்கடை கம்மியா நின்னுச்சு.

"அக்கா, எப்படி வந்தீங்க?"

"பஸ்ஸுல."

"மருந்து கெட்டிச்சபடியே இருக்குது. அது பக்கத்துல எத்தனை பேரு ஒக்காந்துட்டு வந்தாங்களோ"ன்னாரு.

அன்னிக்கு வெடிக்காத அதே மருந்து. எட்டு மாசம் ஸ்டேஷன்ல ஒருத்தரும் பாக்கல. பாய் குழல்ல தண்ணிய ஊத்தி மருந்தச் சாகடிச்சு, திருகுக் கம்பியில தேங்கா நாரச் சுத்தி இழுத்தாரு. கறுப்புச் சேறாட்டம் வந்துச்சு. இவிய கையால கெட்டிச்சது. சாக்கடையில ஊத்திட்டாரு.

குதிரையோட பெரிய ஸ்பிரிங் தளந்திருச்சுன்னு புதுசு மாட்டினாரு. நிப்பிளும் மாத்தோணும், ஆனா துருப் புடிச்சுத் திருகே வரல. "பலவந்தம் பண்ணா குழலோட வந்துரும். வீட்டுல மண்ணெண்ணெய் ஊத்தி ஊத்தி ஒரு வாரம் ஊறப் போடுங்க, அப்பறம் இந்தச் சாவியில திருப்புங்க"ன்னு புது நிப்பிளும் சாவியும் குடுத்தாரு. குழல் கழுவறதுக்கும் வழி சொன்னாரு. "கொதிக்கற தண்ணி ஊத்துங்க. புளி போட்டு வெளக்கிறாதீங்க, இது பித்தளைச் சொம்பு இல்ல."

ஏன் வெடிக்கலைன்னு கேட்டாரு. கேப்பு நமுத்துப் போச்சுன்னேன். "இருக்கும்"னாரு.

ஜூன் 9, செவ்வாய்

தபால் கட்டி அனுப்பிட்டு வந்து குழலக் கழுவினேன். அண்டாவுல தண்ணியக் கொதிக்க வெச்சு, வாய் வழியா ஊத்தி, கம்பியில பழைய வேட்டித் துணியச் சுத்தி ஏத்தி எறக்கினேன். மொதத் தண்ணி கருங்காப்பி. அழுகின முட்டை நாத்தம் வேற. ஏழாவது தடவைக்குத் தெளிஞ்சுச்சு. குழல் சூடா இருக்கறப்பவே ஈரத்தத் தொடைச்சு, தையல் மிஷின் எண்ணெய் போட்டேன்.

துணி இவிய வேட்டி. கிழிக்கறதுக்கு முன்னாடி ரோசிக்கவே இல்ல. கிழிச்சப்பறந்தான் பாத்தேன்.

முப்பது வருசத்துல இந்தத் துப்பாக்கிய நான் தொட்டது வருசத்துக்கு ஒரு நாள். மத்த நாள்ல "பொம்பளை கை படக்கூடாது"ன்னுருவாங்க. இப்ப வந்து பாருங்க, யாரு கை படுதுன்னு.

ஜூன் 12, வெள்ளி

நிப்பிள் அசையல. இன்னும் மண்ணெண்ணெய்.

ஜூன் 15, திங்கள்

அர்த்தநாரி போஸ்ட் ஆபீசுக்கு வந்தான். எட்டு மாசத்துல இவ்வளவு கிட்டத்துல அவனப் பாக்கறது இப்பத்தான். கழுத்தெலும்பு தெரியுது. ஒண்ணும் பேசாம ஒரு பாரத்த மேஜைமேல நகத்தி வெச்சான். விலாசம் மாத்தற பாரம். ஜூலை ஒண்ணிலிருந்து அவன் பேருக்கும் பொண்டாட்டி சரசு பேருக்கும் வர்ற தபாலத் திருப்பூருக்குத் திருப்பி உடோணும். ஒரு பனியன் கம்பெனி, வாட்ச்மேன் குடியிருப்பு. ஒன்னரை ஏக்கர் காடும் மாடும் இருக்கற மனுசன் வாட்ச்மேனாப் போறான்.

முத்திரை குத்தி வாங்கி வெச்சேன். படியெறங்கறப்ப ஒரு தடவை நின்னான், ஏதோ சொல்ல வர்றவனாட்டம். அப்பறம் போயிட்டான்.

போவட்டும். அண்ணனக் காவு குடுத்த காட்டுல அவனுக்கு மட்டும் எப்படிச் சோறு எறங்கும்? காரணம் எனக்குத் தெரியும். ஊரே "கேப்பு அர்த்தநாரி"ன்னு பேரு வெச்சிருச்சு. வெச்சது ஊரு, ஆரம்பிச்சது நான். அதுக்கு நான் வருத்தப்படல.

ஜூன் 16, செவ்வாய்

நிப்பிள் வந்துருச்சு. சாவியப் போட்டு உடம்புப் பாரத்த மொத்தமாக் குடுத்தேன், கிறீச்சுன்னு திரும்புச்சு. பழசுதான், தூக்கிப் போட வேண்டியதுதான். ஆனாலும் ஓட்டை எப்படி இருக்குன்னு வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தேன். அடைச்சிருந்துச்சு. பேப்பர விரிச்சு வெச்சு, கோணி ஊசியில குத்தினேன். சட்டுன்னு வரல. கெட்டியா இருந்துச்சு. அப்பறம் ஒரு துண்டு விழுந்துச்சு, அரிசி நொய்யளவு.

துரு.

ஜூன் 17, புதன்

எழுத ஒண்ணுமில்ல. மூணு மணியார்டர், ஒரு பார்சல்.

ஜூன் 18, வியாழன்

புது நிப்பிள மாட்டியாச்சு. வெறுங் குழல்ல கேப்பு மட்டும் அடிச்சுப் பாக்கோணும்னு பாய் சொல்லியிருந்தாரு. புது கேப்பு வாங்கல. மஞ்சப்பையில இருந்த அந்த டப்பாவத்தான் எடுத்தேன். அர்த்தநாரி வாங்கியாந்தது. இருவத்திமூணு இருந்துச்சு.

மொதக் கேப்பு. டப்புன்னு வெடிச்சுச்சு.

ஒண்ணு தப்பியிருக்கும்னு ரெண்டாவது வெச்சேன். டப்பு. மூணாவதும் வெடிச்சுச்சு. நாலாவதுக்கு அங்காளம்மனக் கும்பிட்டுக்கிட்டேன், ஒண்ணாவது ஊத்திக்கோணும் தாயேன்னு. எந்தப் பொம்பளையாவது துப்பாக்கி ஊத்திக்கோணும்னு சாமிகிட்டக் கேட்டிருப்பாளா? நான் கேட்டேன். ஒம்பதாவது வரைக்கும் அடிச்சேன். ஒம்பதும் வெடிச்சுச்சு. மழையில நனைஞ்சு, எட்டு மாசம் ஸ்டேஷன் மூலையில கெடந்த கேப்பு.

மீதிய அடிக்கல. டப்பாவ மூடி வெச்சுட்டேன். காதுல இன்னும் அந்தச் சத்தம்.

ஜூன் 20, சனி

பாய்க்குப் போன் பண்ணேன். நிப்பிள் மாட்டியாச்சு, நல்லா இருக்குன்னு சொன்னேன். போன் வெக்கறதுக்கு முன்னாடி, எங்க ஊர்ல ஒருத்தரு கேட்டாருன்னு சொல்லி, நிப்பிள் ஓட்டை எதெதுல அடைக்கும்னு கேட்டேன்.

"மருந்துக் கசடு அடைக்குங்கக்கா. குளவி கூடு கட்டும். அதெல்லாம் கம்மி. ஆயுத பூஜை முடிஞ்சா எனக்குத் தீபாவளி. அந்த வாரத்துல வர்ற துப்பாக்கி பூரா ஒரே கேசு."

"என்ன கேசு?"

"சந்தனம். வீட்டுல பொம்பளைங்க அருவா, மம்பட்டி எல்லாத்துக்கும் பொட்டு வெக்கறாங்கல்ல? இதுக்கும் வெப்பாங்க. மூக்காட்டம் துருத்திட்டு நிக்குதா, சரியா அது மேலயே வெப்பாங்க. காஞ்சு போனா சிமெண்டு. மேலாகத் தொடைச்சாப் போச்சுன்னு நெனைப்பாங்க, ஓட்டைக்குள்ள இருக்கறது கண்ணுக்குத் தெரியாது. கேப்பு மட்டும் டப்புன்னு வெடிக்கும். நெருப்பு உள்ள போகாது."

சிரிச்சாரு. நானும் சிரிச்சேன்னு நெனைக்கறேன்.

16ஆம் தேதி துருன்னு எழுதியிருக்கேன். அது துரு இல்ல. மஞ்சளா இருந்துச்சு, ஒரு பக்கம் செகப்பு. மண்ணெண்ணெய் நாத்தத்தையும் மீறிச் சந்தன வாசம் அடிச்சுச்சு. பாத்தப்பவே தெரியும். தெரிஞ்சுதான் துருன்னு எழுதினேன்.

பொட்டு வெச்சது நான்.

ஜூன் 22, திங்கள்

ரெண்டு நாளா எல்லார் மேலயும் கோவம் வருது. இவிய மேலயும்தான். மருந்தக் கெட்டிச்சு எந்நேரமும் தயாரா மூலையில சாத்தி வெச்சிருக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? பூஜைக்கு முன்னாடியே கெட்டிச்சு வெச்சதுதான் அது. இல்லைன்னா மருந்து போடறதுக்கு முன்னாடி வெறுங் கேப்பு ஒண்ணு அடிச்சுப் பாத்திருப்பாங்க, அடைப்புத் தெரிஞ்சிருக்கும். சொன்னா, "நீ பொட்டு வெக்கற வேலையப் பாரு"ம்பாங்க. பாத்தேன். நல்லா அழுத்தி வெச்சேன், உதுரக்கூடாதுன்னு.

அழுதேன். எட்டு மாசத்துல அழுததெல்லாம் ஒரு கணக்கு, இது வேற.

யாருக்கும் தெரியாது. அந்தத் துண்டு அடுப்புக்குள்ள போயிருச்சு. அர்த்தநாரி அடுத்த வாரம் புதன்கிழமை வந்தா திருப்பூர் போறான். போயிட்டான்னா பேச்சே இல்ல. கேப்பு நமுத்ததுதான்னு இந்த ஊரு சாகற வரைக்கும் சொல்லிட்டிருக்கும். அவனும் சாகற வரைக்கும் அதத்தான் நம்பிட்டிருப்பான்.

ஜூன் 26, வெள்ளி

துப்பாக்கி பாஸ்.

மைதானத்துல என்னோட சேத்துப் பதினோரு பேரு, நான் ஒருத்திதான் பொம்பளை. ஆயுதம் பாக்கற ஏட்டு குழல்ல கண்ண வெச்சுப் பாத்தாரு, நம்பரச் சரி பாத்தாரு, குதிரைய இழுத்து ஒரு கேப்பு அடிச்சாரு. "யாரும்மா சுத்தம் பண்ணது?"

"நான்தாங்க."

"இத்தனை பேருல இதுதான் உருப்படியா இருக்கு. அவியளுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க"ன்னு முத்திரை குத்தினாரு.

பூபதிக்குப் போன் பண்ணேன். சந்தோசப்பட்டானா, சலிச்சுக்கிட்டானான்னு தெரியல. "அப்ப காட்டுலயே இருக்கப் போறே"ன்னான். ஆமாப்பான்னேன். நான் ஆசப்பட்டது கெடைச்சிருச்சு. வர்ற வழியில அந்தியூர்ல எறங்கி ஒரு காப்பி வாங்கினேன், பாதியிலயே வெச்சுட்டுப் பஸ் ஏறிட்டேன்.

ஜூன் 28, ஞாயிறு

அர்த்தநாரி மாட்டச் சந்தைக்கு ஓட்டிட்டுப் போனான். வெறுங் கயிறோட வந்தான். வரப்போரம் நின்னு பாத்தேன். கூப்பிடாமயே வீட்டுக்குத் திரும்பிட்டேன்.

ஜூன் 30, செவ்வாய்

போனேன்.

சாமான் கட்டிட்டிருந்தாங்க. பாத்திரமெல்லாம் சாக்குல. என்னப் பாத்ததும் சரசு மொகத்தத் திருப்பிட்டு உள்ள போயிட்டா. அர்த்தநாரி எந்திரிச்சு, "வாங்க நங்கையா"ன்னான். எங்க பக்கம் அண்ணன் பொண்டாட்டிய அப்படித்தான் கூப்பிடறது. அந்த வார்த்தையக் கேட்டு எட்டு மாசமாச்சு. ஒக்காரச் சொன்னான். ஒக்காரல. ஒக்காந்தாச் சொல்ல மாட்டேன்னு தெரியும்.

"அர்த்தநாரி, உன்ற கேப்பு நமுக்கல. ஒம்பது அடிச்சுப் பாத்தேன், ஒம்பதும் வெடிச்சுச்சு. நிப்பிள் ஓட்டையில சந்தனம். ஆயுத பூஜைக்கு நான் வெச்ச பொட்டு. உங்கண்ணனக் கொன்னது நான். உன்னச் சொல்லிட்டேன்."

இவ்வளவுதான் சொன்னேன். வர்ற வழியில நெனைச்சுட்டு வந்தது நெறைய.

அவன் பேசறதுக்கு முன்னாடி சரசு வெளிய வந்துட்டா. "இப்ப வந்து சொல்றீங்களா? இந்த மனுசன் எட்டு மாசமா ஒரு வேளைச் சோறு முழுசாத் தின்னதில்ல. கோயில் கெடா வெட்டுக்குக் கூப்பிடல. கல்யாணத்துக்குப் போனா 'கேப்பு வந்துருச்சு'ன்னு சிரிக்கறானுங்க. மாட்ட வித்தாச்சு. ஊரையும் உடறோம். இப்ப வந்து சொல்றீங்க"ன்னா.

நான் தலையக் குனிஞ்சு நின்னேன். அன்னிக்கு எழவு வீட்டுல அவன் நின்ன மாதிரி நிக்க எனக்குத் தெரியல.

சரசு உடல. "அன்னிக்குக் கேப்பு டப்புன்ன சத்தம் இவரு காதுல உழுந்துச்சு. பக்கத்துப் பரண்ல இருந்தவருக்குக் கேக்காதா? கேப்பு வெடிச்சுதுங்க, துப்பாக்கியிலதான் கோளாறுன்னு போயிச் சொல்லுங்கன்னு நான் எத்தனை தடவை முட்டிக்கிட்டேன். 'துப்பாக்கியச் சுத்தம் பண்ணது எங்கண்ணன். செத்தவரு மேல பழியப் போடச் சொல்றியா'ன்னு என் வாய அடைச்சுட்டாரு."

"நீ சும்மா இரு"ன்னான் அர்த்தநாரி. சத்தம் போடல. எனக்குப் பக்கத்துல வந்து நின்னான். அவங்கண்ணனாட்டவே நிக்கறான், ஒரு தோளு எறங்கி.

"அவ சொல்றாளுங்க. பன்னி உறுமினதுல எனக்கு என்னங்க நங்கையா கேட்டுச்சு? ஒண்ணும் கேக்கல. கேப்பும் நமுத்துத்தான் இருந்துச்சு. டப்பாவுல மேல இருந்தது பூரா ஈரம், நாந்தான் பாத்தேனே. அடியில இருந்தது நல்லா இருந்திருக்கும், நீங்க அதத்தான் அடிச்சுப் பாத்திருப்பீங்க. பொட்டுல பாதின்னா கேப்புல பாதிங்க. நீங்க ஒருத்தரே தூக்காதீங்க."

அந்த டப்பாவ நான் மேலிருந்துதான் எடுத்தேன். மொதக் கேப்பே வெடிச்சுச்சு. அவன் சொல்றது பொய்யின்னு எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்னு அவனுக்கும் தெரியும். சரசுக்குந் தெரியும், அதனாலதான் கட்டின சாக்க அவுக்க ஆரம்பிச்சா.

"இருக்கும்பா"ன்னேன்.